சந்திரகலாவின் பிரெஞ்சு எண்கள்

எண்ணக் கற்கிறவர்கள் எல்லோரும் ஒன்றிலிருந்துதான் தொடங்குவார்கள். சந்திரகலா தொண்ணூறில் தொடங்கினாள். அவளுக்கு உடனடியாகத் தேவைப்பட்டவை தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவில் இருந்த சில எண்கள்தான். அவள் மகன் தனேஷின் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஓடுகிறது என்பதை அவை சொல்லும். சொல்கிறவள் வடக்குப் பிரான்சில் ஒரு துறைமுக ஊரின் மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் தாதி. அவளுக்குப் பிரெஞ்சு மட்டுமே வரும். சந்திரகலாவுக்குத் தமிழ் வரும், மலாய் வரும், டியூஷன் சென்டரில் பெற்றோரைச் சமாளிக்கிற அளவுக்கு ஆங்கிலம் வரும். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது.

தனேஷ் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனவன். கிள்ளானில் பிறந்து, துறைமுகத்துக்குப் போகிற லோரிகளின் சத்தத்தில் தூங்கி வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய அதிசயமான முடிவு ஒன்றும் இல்லை. இருபத்தாறு வயது. எஞ்சின் அறையின் இரும்பு ஏணியில் எண்ணெய்ப் பிசுக்கில் கால் வழுக்கித் தலைகீழாக விழுந்தான். கப்பல் அவனை அந்தத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுத் தன் சரக்கோடு அடுத்த ஊருக்குப் போய்விட்டது. கப்பலுக்கு நிற்க நேரம் இருக்காது என்று பிறகு அவளுக்கு விளக்கினார்கள். அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் எதுவும் குறைந்துவிடவில்லை.

செய்தியைச் சொன்னவன் முகுந்தன். கப்பலுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜென்சியில் வேலை செய்பவன், தனேஷைவிட நாலைந்து வயது மூத்தவன். தினமும் அவள்தான் அவனை அழைப்பாள்.

"ஸ்டேபிள் லா ஆன்டி. கவலப்படாதீங்க."

"ஸ்டேபிள்னா என்னா தம்பி?"

"ஸ்டேபிள்னா ஸ்டேபிள்தான். மோசமா ஆகல."

"நல்லாவும் ஆகல?"

"ஆன்டி, நான் ஷிப்பிங் ஆளு. டாக்டர் இல்ல லா."

"இந்த மேசகூட ஸ்டேபிளாத்தான் இருக்கு தம்பி. நான் கேக்கறது என் புள்ளய பத்தி."

முகுந்தன் இன்னொரு அழைப்பு வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. கெட்ட செய்தியைத் தாயிடம் நேராகச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். சந்திரகலாவும் அப்படி வளர்க்கப்பட்டவள்தான். அதனால்தான் அவளுக்கு அந்தச் சொல்லின் மீது நம்பிக்கை வரவில்லை. அவள் தாய்வீட்டில் ஒருவர் இறந்தால் "சீரியஸா இருக்காரு, உடனே வா" என்றுதான் ஆள் அனுப்புவார்கள். வருகிறவர் வாசலில் செருப்புகளின் கூட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. பிரான்சில் இருக்கும் அந்த வாசலை அவளால் பார்க்க முடியவில்லை.

நேரில் போவதற்கு வழியில்லை. சந்திரகலாவிடம் இருப்பது சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் அடையாள அட்டை. காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் வீட்டிலேயே பிறந்தவள். பிறப்பைப் பதியாமல் அவள் அப்பா காலத்தைக் கடத்திவிட்டார். பள்ளிக்கூடம், கல்யாணம், பிள்ளை எல்லாம் இந்த நாட்டிலேயே ஆன பிறகும் அவள் இந்த நாட்டுக் குடியாகவில்லை. பாஸ்போர்ட் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு பயணப் பத்திரம் உண்டு, மனுப் போட்டால் மாதக்கணக்கில் ஆகும், அதற்கு மேல் விசா என்று குடிநுழைவு அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் மலாயில் பொறுமையாகவே சொன்னாள். மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். கணவர் நாகையாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் அவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒன்றைத் தவறவிட்டால் கால் வீங்கி, மூச்சு வாங்கும். ஆக, போக முடிந்தவருக்கு உடம்பு இல்லை, உடம்பு இருந்தவளுக்குக் காகிதம் இல்லை. மகனிடம் போய்ச் சேர அவளுக்கு மிஞ்சியது ஒரு தொலைபேசி எண்தான்.

முதலில் மொழிபெயர்க்கும் செயலியை நம்பினாள். ஒரு போனில் தாதியின் குரலை ஒலிபெருக்கியில் வைத்து, அடுத்த போனை அதன் பக்கத்தில் பிடித்தாள். செயலி சிறிது யோசித்துவிட்டு ஏதோ நாற்காலியைப் பற்றிச் சொன்னது. பிறகு ஒரு முறை அந்தப் பிரிவில் இருந்த யாரோ மனமிரங்கி டேப்லெட்டில் மகனைக் காட்டினார்கள். கட்டுப்போட்ட தலை, வாயில் குழாய், வீங்கி அகன்றுபோன முகம். நாகையா பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். சந்திரகலா உற்றுப் பார்த்தாள். அந்த முகத்தில் தன் பிள்ளையைக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

ஆனால் அன்று கட்டிலுக்கு மேலே ஒரு திரை இருந்ததைக் கவனித்திருந்தாள். அதில் பச்சையிலும் நீலத்திலும் எண்கள். எண் என்றால் பொய் சொல்லாது, ஆறுதல் சொல்லாது, அம்மா அழுவாளே என்று பார்க்காது. அதை அவள் டியூஷன் சென்டரில் பல வருஷமாகப் பார்க்கிறாள். பிள்ளைகளின் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஆசிரியர்கள் பெற்றோரிடம் "முயற்சி பண்றான்", "பரவாயில்ல" என்றெல்லாம் இழுப்பார்கள். மதிப்பெண் இழுக்காது. அந்த எண்களை மட்டும் தாதியின் வாயிலிருந்து கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், முகுந்தனின் தயவு தேவையில்லை என்று முடிவு செய்தாள். அந்த முடிவில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றியிருக்காது.

நாகையாவுக்குக் கிள்ளானில் இடம் கிடைக்காமல் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தர்ம நிலையத்தில்தான் டயாலிசிஸ். கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்து போவார்கள். அவரை இயந்திரத்தில் பொருத்தியபின் நாலு மணி நேரம் அவள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பாள். அங்கே தே தண்ணீர் கலக்குகிறவன் குகன், காரைக்கால்காரன். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். அண்ணன் பிரெஞ்சுக் குடியாகி அங்கே போய்விட்டான். குகனுக்கு வேண்டிய பத்திரத்தை அப்பா உரிய காலத்தில் எழுதி வைக்கவில்லை. சிவப்பு ஐ.சி. கதையைக் கேட்டபோது அவன் சிரித்தான்.

"நம்ம ரெண்டு பேர் அப்பாவும் ஒரே ஸ்கூல்ல படிச்சிருப்பாங்க போல அக்கா."

"உனக்கு பிரெஞ்சு தெரியுமா தம்பி?"

"திட்டறதுக்கு நல்லா தெரியும். எண்ணறதுக்கும் தெரியும். அப்பா மொளகா மூட்ட எண்ணும்போதுகூட பிரெஞ்சுலதான் எண்ணுவாரு."

"எனக்கு எண்ணறது போதும்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பகல் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்தபின் அவன் எதிரில் வந்து உட்காருவான். தொண்ணூற்றெட்டைத்தான் முதலில் கேட்டாள்.

"காத்ர் வேன் தீஸ் யுயித்."

"இவ்ளோ நீளமா?"

"நாலு இருபது, பத்து, எட்டு. கூட்டிப் பாருங்க, தொண்ணூத்தெட்டு."

"இது எண்ணா, சமையல் குறிப்பா?"

"நம்ம தொண்ணூறு மட்டும் யோக்கியமா அக்கா? அறுபது, எழுபது, எண்பதுன்னு ஒழுங்கா வந்துச்சு. அப்புறம் நூறு வரதுக்கு முன்னாடியே தொண்-ணூறு. எவனாவது கேட்டானா? அவன் நின்னு கணக்கு போடறான், நாம அவசரப்பட்டு நூறுன்னு பேர் வச்சுட்டோம். அவ்ளோதான் வித்தியாசம்."

அடுத்த மேசையில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கைக்காரர் ஒருவர் தலையைத் தூக்கினார். "என்னா குகன், அக்காவ பாரிஸ் அனுப்பப் போறியா?"

"அனுப்ப முடிஞ்சா நான் ஏன் அங்கிள் இங்க உக்காந்து காத்ர் வேன் சொல்லிக்கிட்டிருக்கேன்?" என்றான் குகன். அந்த மனிதருக்கு விஷயம் தெரியாது. சந்திரகலா அவரைப் பார்த்துச் சிரித்தும் வைத்தாள்.

உச்சரிப்புதான் பெரும்பாடு. "வேன்" என்பதில் "ன்" வாய்க்கு வரவே கூடாது, மூக்கோடு நின்றுவிட வேண்டும் என்றான். மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்க்கச் சொன்னான். பிடித்ததும் சத்தம் அடைபட்டால் சரியாகச் சொல்கிறாள் என்று அர்த்தம். ஐம்பத்து மூன்று வயதுக்காரி பொது இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருபது, இருபது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டுக்கு உதட்டைக் குவிக்க வேண்டும். "ர்" தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும், சளியைக் காறுகிற மாதிரி. மூன்று மட்டும் அவளுக்கு முதல் தடவையே சரியாக வந்தது. த்ருவா. "சூப்பர் அக்கா, பிரான்ஸ்லயே பொறந்த மாதிரி இருக்கு" என்றான் குகன். அவன் சீக்கிரம் பாராட்டுகிறவன்.

கொமுட்டரில் வீடு திரும்பும்போது ஜன்னல் வழியாகத் தெரிகிற கார்களின் எண்களைப் பிரெஞ்சில் படித்துக்கொண்டு வருவாள். காதில் விழும் எண் நேராகப் புரியாது. முதலில் நாலு இருபது என்று விழும். தமிழ்ப்பள்ளியில் படித்த வாய்ப்பாடு குறுக்கே வந்து எண்பது என்னும். கூட ஒரு பத்தும் எட்டும் வரும்போது, இடைநிலைப்பள்ளியில் மலாயில் போட்ட கூட்டல் வந்து நிற்கும். இந்த மூன்று வீடுகளையும் கடந்து தொண்ணூற்றெட்டு வந்து சேர்வதற்குள் ரயிலுக்கு வெளியே அந்தக் கார் போயிருக்கும். நாகையா பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு வருவார். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவர் பேசமாட்டார்.

இங்கே பிற்பகல் ஆகும்போது அங்கே காலை. டயாலிசிஸ் நாட்களில் கடையிலிருந்தும் மற்ற நாட்களில் வீட்டிலிருந்தும் அழைப்பாள். குகன் கற்றுக்கொடுத்த இரண்டு மூன்று சொற்களில் தான் யார் என்றும் யாருடைய தாய் என்றும் சொல்வாள். பிறகு "ஆக்சிஜன், கொம்பியான்?" எவ்வளவு? தாதிக்கு இந்தப் பெண்மணி எண்களை மட்டும் வாங்கிக்கொள்வாள் என்று பழகிவிட்டது. அவளும் சுற்றி வளைக்காமல் ஒவ்வொன்றாக, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்திச் சொன்னாள். குரலில் கனிவு இருந்தது. அந்தக் கனிவுக்குக் காரணம் வேறாக இருக்கும் என்று சந்திரகலா யோசிக்கவில்லை.

ஒரு நாள் ரத்த அழுத்தம் கேட்டாள். "தூஸ், செத்." பன்னிரண்டு, ஏழு. நாகையாவுக்கு நூறுக்குக் கீழே இறங்கினாலே தாதிகள் ஓடிவருவார்கள். பன்னிரண்டு என்றால் உயிர் எங்கே இருக்கிறது? போனைக் கீழே வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்துக்கொண்டாள். அடுக்களையிலிருந்து வந்த குகன் விஷயம் கேட்டுப் பதறி, பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அய்யோ அக்கா, அங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எங்கப்பாவும் ஊருக்கு வந்தா பிரஷர் பதினாலு-ஒம்பதும்பாரு. அது நூத்தி நாப்பது. ஒரு சைபர் போட்டுக்கணும், அவ்ளோதான். உங்க பையனுக்கு நூத்தி இருபது, எழுபது. எனக்குகூட இப்படி இருக்காது!"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டாமோ அதற்குப் பயந்தாள். மற்றதற்கு அவள் பயப்படவே இல்லை.

ஏனென்றால் மற்ற எண்கள் எல்லாம் அழகாக இருந்தன. ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. நாடித்துடிப்பு எண்பது. காய்ச்சல் இல்லை, முப்பத்தேழு. மறுநாளும் அதே தொண்ணூற்றெட்டு. அதற்கு மறுநாள் தொண்ணூற்றேழு, கொஞ்சம் கலங்கினாள், மீண்டும் எட்டு. தன் வாயால் கேட்டு, தன் காதால் வாங்கிய எண்கள். முகுந்தனை அழைப்பதையே நிறுத்திவிட்டாள். டியூஷன் சென்டரில் கேட்டவர்களுக்கெல்லாம் நன்றாகத் தேறி வருகிறான் என்றாள். கந்தசாமி கோயிலில் மகன் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். அவன் அறையைக் கழுவி, மெத்தையை வெயிலில் போட்டாள். நாகையா அவள் மெத்தையைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதவிக்கு வரவில்லை. உடம்பு முடியாததால் என்று அவள் நினைத்தாள்.

இந்த எண்களின் வரிசையில் கடைசியாக ஒன்று வரும். "கிளாஸ்கோ, த்ருவா." மூன்று. அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. மருந்தாக இருக்கலாம் என்று முதலில் விட்டுவிட்டாள். எதற்கும் கேட்டு வைப்போம் என்று, எத்தனைக்கு மூன்று என்று கேட்கக் குகனிடம் சொற்களை வாங்கிக்கொண்டாள். தாதி "கேன்ஸ்" என்றாள். பதினைந்துக்கு மூன்று.

அவளுக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது. பதினைந்துக்கு மூன்று என்பது அவளுக்குப் பழக்கமான உலகம். டியூஷனில் புதிதாகச் சேர்கிற பிள்ளை முதல் சோதனையில் மூன்று வாங்கும். அம்மா கண் கலங்குவாள். சந்திரகலா கவுண்டருக்குப் பின்னால் இருந்து எத்தனை அம்மாக்களுக்குச் சொல்லியிருக்கிறாள்: "சீரோ வாங்கலியே லா. மூணு வாங்கத் தெரிஞ்சவனுக்கு அஞ்சு வாங்கத் தெரியும்." பாதிக்குப் பாதி அது பலித்தும் இருக்கிறது. தலையில் அடிபட்டவன், இத்தனை நாள் கண் திறக்காதவன், மூன்று மதிப்பெண் வாங்கிவிட்டான். உடம்பு தேறிவிட்டது, மூளை மெல்லத்தான் வரும். நாளை நாலு வரும். ஒவ்வொரு நாளும் அந்தக் கடைசி எண்ணுக்காகக் காத்திருந்தாள். த்ருவா. பரவாயில்லை, இறங்கவில்லையே. மறுநாளும் த்ருவா. நின்ற இடத்தில் நிற்கிறான், விழவில்லை.

டயாலிசிஸ் சென்டரில் மலர்விழி என்றொரு தாதி. நாகையாவின் கையில் ஊசி குத்துகிறவள், சிறு பெண், வாயாடி. ஒரு நாள் அவள் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது சந்திரகலா பேச்சுவாக்கில் சொன்னாள்.

"எல்லாம் நல்லா இருக்குமா. ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு. அந்த கிளாஸ்கோ மட்டும்தான் மூணுலயே நிக்குது. பதினஞ்சுக்கு மூணு. நாலு வந்துருச்சுன்னா கண்ண தொறந்துருவான்ல?"

மலர்விழியின் கை நின்றது. அவள் நாகையாவைப் பார்த்தாள். நாகையா கூரையைப் பார்த்தார்.

"ஆன்டி... அங்க டாக்டர்கிட்ட பேசுனீங்களா?"

"அவங்களுக்கு இங்கிலீஷ் வராதும்மா. ஏன், மூணுன்னா ரொம்ப கம்மியா? சீரோலருந்து மூணு வந்திருக்கானே."

"சீரோ கிடையாது ஆன்டி."

"என்னா?"

"நெனவு எவ்ளோ இருக்குன்னு பாக்கற ஸ்கோர் அது, அதுல சீரோ கிடையாது. கண்ணுக்கு ஒண்ணு, பேச்சுக்கு ஒண்ணு, அசைவுக்கு ஒண்ணு. ஒண்ணுமே இல்லன்னாலும் ஒண்ணொண்ணு போடுவாங்க. மூணுலதான் ஆரம்பம்."

"அப்ப செத்துப்போனவனுக்கு?"

மலர்விழி பிளாஸ்டரை ஒட்டிவிட்டு, ஒட்டிய இடத்தையே திரும்பத் திரும்ப விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு இருக்கே?" என்றாள் சந்திரகலா. கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. எதிரில் படுத்திருந்த கணவனின் ரத்தத்தை ஒரு இயந்திரம் இப்போதுதான் சுத்தம் செய்து முடித்திருந்தது. அது ஓடுகிற வரை அவர் ரத்தத்தின் எண்களும் அழகாகத்தான் இருக்கும். அவை சிறுநீரகத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தொண்ணூற்றெட்டு தனேஷின் எண் அல்ல, இயந்திரத்தின் எண். அவள் தினமும் நலம் விசாரித்துக்கொண்டிருந்தது ஒரு காற்றடிக்கும் பெட்டியை. மகனுடையது என்று சொல்ல அந்த வரிசையில் ஒரே ஒரு எண்தான் இருந்தது.

வெளியே வந்து நடைபாதையில் நாகையாவை நிறுத்தினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"தெரியுமான்னு கேக்கறேன்."

"முகுந்தன் சொன்னான். முதல் வாரமே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ படிச்சுக்கிட்டு இருந்த, கலா. மூக்க பிடிச்சுக்கிட்டு, கார் நம்பர பாத்துக்கிட்டு... நிறுத்தச் சொல்ல மனசு வரல."

அவள் அவரைத் திட்டியிருக்கலாம். திட்டுவதற்கு முன் யோசிக்கிற பழக்கம் அவளுக்கு இருந்தது, அது அவளுக்கு எப்போதும் நன்மை செய்ததில்லை. அவள் இடத்தில் அவர் இருந்து, அவர் இடத்தில் அவள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? இதையேதான். ரயிலில் இருவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து வந்தார்கள். அன்று ஜன்னல் பக்கம் அவர்தான் உட்கார்ந்தார்.

இரண்டு நாள் கழித்து மருத்துவமனையே அழைத்தது. இந்த முறை தமிழில்.

"வணக்கம் அம்மா. நான் கௌசலா கதைக்கிறன். பாரிசில இருந்து. ஆஸ்பத்திரிக்காரர் என்னைக் கூப்பிட்டவை, மொழிபெயர்க்கிறதுக்கு. டொக்டரும் லைன்ல நிக்கிறார். அவர் சொல்லுறதை நான் அப்பிடியே சொல்லுவன், சரியோ?"

யாழ்ப்பாணத் தமிழ். பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் கேட்டுப் பழகிய இராகம். மூக்கு வழியாக வரும் எந்த ஒலியும் அதில் இல்லை. பெருக்க வேண்டியதில்லை, கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு சொல்லும் சொன்ன உடனே புரிந்தது.

"மகன்ர மூளை வேலை செய்யேல்லை அம்மா. இனியும் செய்யாது எண்டு சொல்லுறார். எல்லாச் சோதனையும் ரெண்டு தரம் செய்து பாத்தவையாம். மெஷின்தான் மூச்சு விடுகுது. அதை நிப்பாட்ட வேணும் எண்டது அவையின்ர முடிவு. ஆனா குடும்பத்தைக் கேக்காமல் செய்ய விருப்பமில்லையாம்."

உண்மையைத் தானே கேட்க வேண்டும் என்றுதானே ஒரு மொழியின் எண்களை எல்லாம் தொண்டை புண்ணாகக் கற்றாள். அது இப்படித் தன் மொழியிலேயே, கதவைத் தட்டாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. பிரெஞ்சிலேயே சொல்லியிருந்தால் புரிந்துகொள்வதற்குச் சிறிது நேரமாவது ஆகியிருக்கும்.

நாகையா போனை வாங்கி, நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். சந்திரகலா போனைத் திரும்ப எடுத்தாள்.

"அம்மா, ஒண்ணு கேளுங்க. நிறுத்தும்போது நான் லைன்ல இருக்கணும்."

"இருக்கலாமாம் அம்மா. தாதி மகனின்ர பக்கத்தில போன் வச்சிருப்பா. நீங்கள் ஏதும் கதைக்க விரும்பினால் மகனோட கதைக்கலாம்."

"பேச வேணாம். அவன் மூள வேல செய்யலன்னு நீங்கதான சொன்னீங்க. அந்தத் தாதி நம்பர் சொல்லட்டும். எப்பவும் சொல்ற மாதிரி. ஆக்சிஜன்."

கௌசலா மொழிபெயர்க்கவில்லை. "வேண்டாம் அம்மா," என்றாள் மெல்ல. "ஏன் உங்களுக்கு அது? கேக்க ஏலாமல் இருக்கும்."

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்மா. கேட்டுச் சொல்லுங்க."

பிரெஞ்சில் நீண்ட பேச்சு நடந்தது. டாக்டருக்கு அது விநோதமாகத் தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் ஒத்துக்கொண்டார். மறுநாள் தனக்கு வேறு ஆஸ்பத்திரியில் வேலை இருப்பதால் லைனில் வர முடியாது என்று கௌசலா இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள்.

மறுநாள் கிள்ளான் வீட்டுக் கூடத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு, போனை மேசையில் வைத்து அருகில் உட்கார்ந்தார்கள். வெளியே பக்கத்து வீட்டு வாசலில் யாரோ மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பழகிய தாதியின் குரல் வந்தது. வணக்கம் சொன்னாள். பிறகு தொடங்கினாள்.

"காத்ர் வேன் தீஸ் யுயித்."

தொண்ணூற்றெட்டு. சிறிது நேரம் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு மணி ஒலித்து யாரோ அதை அணைத்தார்கள்.

"காத்ர் வேன் ஓன்ஸ்."

நாகையா அவள் முகத்தைப் பார்த்தார். தொண்ணூற்றொன்று என்று அவள் சொல்லவில்லை.

"காத்ர் வேன் காத்ர்... சுவாசாந்த் சேஸ்."

எண்பத்து நாலு. அறுபதும் பதினாறும், எழுபத்தாறு. தாதியின் குரல் இப்போது இன்னும் தாழ்ந்திருந்தது. ஆனால் அவசரப்படவில்லை, எதையும் தாண்டவில்லை. கேட்டதைக் கேட்டபடி செய்தாள். அந்தப் பெண்ணைப் பற்றி நல்லதாகச் சொல்ல அது போதும்.

எழுபதுக்குக் கீழே பிரெஞ்சு எண்கள் எளிதாகிவிடுகின்றன. பெருக்கல் இல்லை, கூட்டல் இல்லை, அறுபது என்றால் அறுபது, ஐம்பது என்றால் ஐம்பது. அந்தப் பகுதியைச் சந்திரகலா அதிகம் பயிற்சி செய்ததே இல்லை. அவ்வளவு கீழே தேவைப்படும் என்று குகனும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. ஆனாலும் அவை வந்த வேகத்திலேயே புரிந்தன. சேங்காந்த் யுயித், ஐம்பத்தெட்டு. காராந்த், நாற்பது. வாய்ப்பாடு குறுக்கே வரவில்லை. எந்த மொழிக்குள்ளும் போய்த் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

"த்ராந்த்," என்றாள் தாதி. முப்பது.

அதற்குப் பிறகு எண் வரவில்லை. சந்திரகலா காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "கொம்பியான்?" என்று கேட்டாள். தாதி பதில் சொன்னாள். நீளமான வாக்கியம், நடுவில் ஒரு முறை குரல் உடைந்து மீண்டும் சேர்ந்தது. சந்திரகலா அதில் தனக்குத் தெரிந்த ஒன்றைத் தேடினாள். அந்த வாக்கியத்தில் ஒரு எண்கூட இல்லை.

"என்னா சொல்றா, கலா?" என்றார் நாகையா.

"தெரியலீங்க," என்றாள்.